வெறும் புல்லா, வெறும் கல்லா?



எமது கொலன்னாவைப் பெண்கள் குழுவினர் ஆண்டுக்கொரு முறை ஒன்றாகப் பயணம் போவது வழக்கம். பெரும்பாலும் கோயில், இல்லாவிட்டால் கடற்கரை. இம்முறை பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, திருமணமாகிக் கொழும்புக்கு வந்த தங்கை ஒருவர், "எங்க மலைப்பக்கம் ஒரு தரம் வாங்களேன் அக்கா" என்று கேட்டார். எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்த பணத்தில் ஒரு வான் பிடித்தோம். நள்ளிரவில் புறப்பட்டு, விடிந்து சிறிது நேரத்தில் ஹோட்டன் சமவெளியின் நுழைவாயிலை அடைந்தோம்.

அங்கே எல்லோருடைய பைகளையும் திறந்து பார்க்கிறார்கள். பொலித்தீன் உள்ளே போகக்கூடாது என்பதற்காகப் பிஸ்கட் உறைகளைக்கூடக் கழற்றி வாங்கிக்கொள்கிறார்கள். பை சோதனை என்ற சொல் காதில் விழுந்ததும் எம்மில் இருவர் தாமாகவே அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டனர். ஒருவரும் கேட்கவில்லை. பழக்கம் அப்படி. நான் பார்த்தும் பாராததுபோல் நின்றேன். பிறகு அவர்களே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

உள்ளே போனதும் காடு விலகிப் பரந்த புல்வெளி தெரிந்தது. குளிர்காற்றில் புல் அலையலையாகச் சாய்ந்தது. அங்கங்கே கறுத்த பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. எம்முடன் வந்தவர்களில் மூத்தவர் முல்லைத்தீவுப் பக்கத்து அக்கா. 2009இல் கணவரை இழந்தவர். இப்போது மகளுடன் கொலன்னாவையில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார். சேலைத் தலைப்பைத் தலைக்கு மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் சொன்னார்: "இதென்ன பிள்ளை, வெறும் புல்லும் வெறும் கல்லும். இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

அந்தக் கேள்விக்கு அன்று முழுவதும் நடந்து நடந்து பதில் சொன்னோம். அதைத்தான் இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பத்தனை என்னும் புல்நிலம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரெய்ரி எனப்படும் பெரும் புல்வெளிகள் உண்டு என்று பாடசாலையில் படித்திருப்போம். எமது நாட்டிலும் மலைமேல் புல்வெளிகள் உள்ளன. அவற்றைப் பத்தனை என்று சொல்வர். பத்தனைகள் இரு வகைப்படும். ஊவாப் பக்கத்தில், வெலிமடை, பண்டாரவளை போன்ற இடங்களில், சற்றுத் தாழ்ந்த மலைகளில் இருப்பது உலர் பத்தனை. அதைவிட உயரத்தில், குளிரும் மூடுபனியும் மிகுந்த இடங்களில் இருப்பது ஈரப் பத்தனை. ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவே. மார்கழி, தை மாதங்களில் சில இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படிவதுமுண்டு.

எமது மலையகத் தங்கை வழியோரத்துப் புல்லைக் கையால் தடவிப் பார்த்து, "இது வேற புல்லு. எங்க பக்கம் மானாப்புல்லு. பாட்டி காலத்துல அத வெட்டித்தான் கூரை வேய்வாங்களாம்" என்றார். அவர் சொன்னது சரி. மானாப்புல் உலர் பத்தனைக்கு உரியது. மேலே ஈரப் பத்தனையில் உள்ளவை குட்டையான, அடர்ந்து கொத்தாக வளரும் புற்கள். ஓடைக்கரைகளில் ஆளுயரம்கூட வராத சிறு மூங்கிலும் உண்டு.

"ஏன் மரமில்லை? ஆரும் வெட்டினவையோ?" என்று அக்கா அடுத்ததாகக் கேட்டார். இது அறிஞர்களும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வியாகும். உறைபனியும், பள்ளங்களில் நீர் தேங்குவதும் மரக்கன்றுகளை வளரவிடுவதில்லை என்று சிலர் கூறுகின்றனர். பழங்கால மனிதர் தீ வைத்து, மந்தை மேய்த்ததால் வந்த புல்வெளி என்று வேறு சிலர் கூறுகின்றனர். அங்குள்ள சதுப்பு மண்ணைத் தோண்டி, அதில் புதைந்திருந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்தவர்கள், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் அங்கு மந்தை மேய்த்தும் பயிர்செய்தும் இருக்கலாம் எனக் கருதுகின்றனர். எல்லா அறிஞரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. எப்படியாயினும், வெறும் புல் என்று நாம் நினைத்த இடத்திற்கு நீண்ட வரலாறு இருக்கின்றது.

பெயரிலும் ஒரு வரலாறு உண்டு. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த ஹோட்டன் என்பவரின் பெயரை ஆங்கிலேயர் இதற்கு வைத்தனர். அதற்கு முன்னரே சிங்களக் கிராமத்து மக்கள் இதை மகா எலியத் தென்ன, அதாவது பெரிய வெட்டவெளி, என்று அழைத்து வந்தனர். பெயர் இருந்த இடத்துக்கு இன்னொரு பெயர் வைப்பதைத்தான் வரலாற்றுப் புத்தகங்கள் "கண்டுபிடிப்பு" என்று எழுதுகின்றன.

கல்லின் கதை

நடைபாதையில் ஓரிடத்தில் பாறை வெட்டுண்டு தெரிந்தது. வெள்ளை, கறுப்பு, சாம்பல் நிறக் கோடுகள் மடித்து வைத்த சேலைபோல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இடையிடையே சிவப்பு மணிகள் தெரிந்தன. அவை கார்னட் என்னும் கல். இரத்தினபுரியில் விற்கும் கார்னட்டின் சொந்தக்காரர்களே இவர்கள்.

இந்தப் பாறைகளை உருமாறிய பாறைகள் என்பர். இவற்றுள் பல தொடக்கத்தில் மண்ணும் மணலும் சேறுமாக நீரடியில் படிந்தவை. அது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். பின்னர் நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதியபோது அவை 20, 30 கிலோமீற்றர் ஆழத்துக்குப் போய், அங்குள்ள வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து நெரிந்து வேறு கல்லாயின. இது நடந்தது ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னராகும். அதன்பின் மேலே இருந்ததையெல்லாம் மழையும் ஆறும் கரைத்துக்கொண்டு போக, அடியில் கிடந்தது மேலே வந்தது. இன்று நாம் மலையுச்சி என்று நிற்கும் இடம் ஒரு காலத்தில் பூமியின் அடி ஆழமாய் இருந்தது.

இந்தப் பாறைகளின் பெயர்களும் சுவையானவை. ஒன்று சார்னொக்கைட்டு. கல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்ட ஜோப் சார்னொக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லை வைத்து அப்பெயர் வந்தது. அக்கல் சென்னைப் பக்கத்துக் கல். மற்றொன்று கொண்டலைட்டு. ஒரிசாவின் கொண்ட் என்னும் பழங்குடி மக்களின் பெயரால் அழைக்கப்படுவது. அதே இனத்துக் கற்கள் ஹோட்டன் சமவெளியிலும் இருக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் மடகஸ்காரும் ஒரே பெருநிலமாய் ஒட்டியிருந்த காலத்தின் சாட்சிகள் இவை.

"எங்கடை பக்கத்துக் கல்லும் இதுதானோ?" என்று அக்கா கேட்டார். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் வேறு. அது கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து உண்டானது. 2 கோடி ஆண்டளவு வயதுடையது. மலைக் கல்லோடு ஒப்பிட்டால் அது கைக்குழந்தை. ஆனால் இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்தின் அடியில் இருப்பது மிகப் பழைய பாறைதான். அதைப் புவியியலாளர் முக்கியமாக மூன்று தொகுதிகளாகப் பிரிக்கின்றனர். நடுவே உயர்நிலத் தொகுதி, கிழக்கே விஜயன் தொகுதி, மேற்கிலும் வடக்கிலும் வன்னித் தொகுதி. உலகத்துப் புவியியல் நூல்களில் அதற்கு வன்னி என்றே பெயர். இதைச் சொன்னதும் அக்கா முதன்முறையாகச் சிரித்தார். "கல்லுக்கும் எங்கடை பெயர் வைச்சிருக்கினமோ?" என்றார்.

உலக முடிவு என்ற இடத்துக்கு வந்தபோது மணி ஒன்பதரை. புல்வெளி திடீரென முடிந்துவிடுகிறது. கீழே ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளம். அடியில் தேயிலைத் தோட்டங்களும் வீடுகளும் தீப்பெட்டிபோல் தெரிந்தன. எல்லோரும் பேச்சற்று நின்றோம். சற்று நேரத்தில் பள்ளத்திலிருந்து வெண்புகைபோல் மூடுபனி ஏறிவந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. காலை பத்து மணிக்குமேல் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பனி மட்டுமே காட்சி தரும்.

இந்தப் பெருஞ்சுவர் எப்படி வந்தது? கனடா நாட்டுப் புவியியலாளர் எவ். டி. அடம்ஸ் 1929இல், இலங்கை மூன்று படிகளாக அமைந்துள்ளது என்று எழுதினார். கரையோரத் தாழ்நிலம் முதற்படி. நடுமலை இரண்டாம் படி. ஹோட்டன் சமவெளி போன்றவை மூன்றாம் படி. நிலம் துண்டு துண்டாக மேலெழுந்ததால் படிகள் தோன்றின என்று பின்னர் டி. என். வாடியா விளக்கினார். கடினமான பாறை தாக்குப்பிடிக்க, மெலிந்த பாறை கரைந்துபோனதே காரணம் என்போரும் உண்டு. இந்தத் தெற்குச் சுவர் கிழக்கே ஹப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கம் வரை நீள்கிறது.

மூன்று திசைக்குப் போகும் மழை

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. 20 மீற்றர் உயரம். வேட்டைக்கார ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தாங்கியுள்ளது. அவர்களின் துப்பாக்கிகளுக்கு முன் அங்கே யானைகளும் இருந்தன. இன்று மரைகளே கண்ணில் படுகின்றன.

நீர்வீழ்ச்சிக்கு அருகில் கறுத்த மண்ணை ஒரு பெண் விரலால் அழுத்திப் பார்த்தார். நீரில் தோய்த்த பஞ்சுபோல் அமுங்கியது. குளிரில் புல்லும் இலையும் விரைவில் உக்குவதில்லை. அவை பன்னெடுங்காலமாகச் சேர்ந்து கறுப்பு மண்ணாகின்றன. அந்த மண் மழையை உறிஞ்சிவைத்து மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. புல்வெளியைச் சூழ்ந்த குட்டையான மரங்களின் கிளைகளில் பாசி தாடிபோல் தொங்குகிறது. மழை பெய்யாத நாளிலும் மூடுபனி அதில் பட்டுச் சொட்டுச் சொட்டாக விழும். அதனால்தான் கோடையிலும் ஓடைகள் வற்றுவதில்லை.

இந்த மலைத்தொகுதியில் விழும் மழை மூன்று திசைக்குப் பிரிகிறது. ஒரு பங்கு களனி கங்கையாகி மேற்கே வருகிறது. இன்னொரு பங்கு வளவை கங்கையாகித் தெற்கே அம்பலாந்தோட்டையில் கடலைச் சேர்கிறது. மற்றப் பங்கு மகாவலியாகி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. எம்மோடு வந்தவர்களில் ஒருவர் மூதூர்க்காரர். 2006இல் அங்கிருந்து ஓடிவந்தவர். "எங்கட கங்கைத் தண்ணி இங்க இருந்தா வருது?" என்று அவர் அந்த ஓடையில் கையை நனைத்துக்கொண்டார்.

கொலன்னாவையில் எமது குழாயில் வரும் தண்ணீரும் அத்தகையதே. களனி கங்கை நீரை அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துத்தான் எமக்குத் தருகிறார்கள். காலையில் குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது, அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்க மலைமேல் புல்லொன்று வேலைசெய்கிறது என்று நாம் எண்ணுவதில்லை. எமது வேலையையும் பலர் அப்படித்தானே எண்ணாமல் இருக்கிறார்கள்?

தண்ணீர் நன்மை மட்டும் கொண்டுவருவதில்லை என்பதும் எமக்குத் தெரியும். 2016 மே மாதத்தில் கொலன்னாவையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண்சரிவு, கீழே வெள்ளம் என்று நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நான் மேலே சொன்ன அதே தெற்குச் சுவரின் அடியில், கொஸ்லந்தை மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிந்து தோட்டத்து லயன்களை மூடியது. பாறைமேல் உள்ள மண் தளர்ந்து, அளவுக்கு மீறி நீர் ஏறினால் சரிவில் நிற்காது. அந்தச் சரிவில் குடியிருக்க வைக்கப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால், வேறிடம் தெரிவுசெய்ய வசதியில்லாதவர்களே. எமது கொலன்னாவையிலும் 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 32 பேர் மாண்டனர். மழையும் சரிவும் இயற்கை என்றாலும், எவரைச் சரிவின்கீழ் வைப்பது என்பது சமூகம் செய்யும் முடிவு.

தரிசு என்ற சொல்

புல்நிலத்துக்கு நேர்ந்த தீங்குகளுக்கெல்லாம் ஒரு சொல் காரணமாயிருந்தது. தரிசு என்பதே அச்சொல். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் வேறு சான்று இல்லாவிடில் முடிக்குரியது எனக் கொண்டது. மேய்ச்சலுக்கும் கூரைப் புல்லுக்கும் மக்கள் பயன்படுத்திய நிலம், உறுதி இல்லாததால் தரிசாகியது. அந்நிலங்கள் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் போயின. அங்கு உழைக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்கோ ஒரு பேர்ச் நிலமும் சொந்தமாகவில்லை. ஹோட்டன் சமவெளியிலேயே 1960களில் புல்லைக் கிளறி உருளைக்கிழங்கு பயிரிட்டனர். 1969இல் அது இயற்கை ஒதுக்கிடமாகி, 1988இல் தேசியப் பூங்காவாகியது. 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டபோது இதுவும் அதில் சேர்ந்தது. ஊவாப் பத்தனைகளில் பைனஸ் மரங்கள் நடப்பட்டன. அதன்பின் ஊற்றுகள் வற்றின என்று அப்பகுதி மக்கள் இன்றும் குறைகூறுகின்றனர். தமிழ்நாட்டு நீலகிரியிலும் இதே கதைதான். சோலைகளுக்கு இடையே தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளிகளில் யூக்கலிப்டசும் சீகை மரமும் நட்டனர். அங்கும் வெறும் நிலம் என்றே சொன்னார்கள்.

தோழியரே, இந்தச் சொல் எமக்குப் புதிதல்ல. இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் போகமுடியாமல் இருந்த காணிகளில் பற்றை வளர்ந்தது. பற்றை காடானது. திரும்பிப் போனபோது இது வனத்துக்குரிய நிலம் என்ற பதில் பலருக்குக் கிடைத்தது. 2025 மார்ச்சில், வடமாகாணத்தின் பல ஆயிரம் ஏக்கர் காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அவை அரசுக்குரியதாகும் என வர்த்தமானி வெளிவந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அது நின்றுவிட்டாலும், எமது கையில் என்ன சான்று இருக்கிறது என்ற கேள்வி நிற்கவில்லை.

உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருப்பவர்கள் இரண்டு பிரதிகள் எடுத்து வேறு வேறு இடங்களில் வையுங்கள். அவை அழிந்துபோனவர்கள், காணியின் நான்கு எல்லை, கிணறு, மரங்கள், அயலவர் யார், எந்த ஆண்டு முதல் இருந்தீர்கள், எந்த ஆண்டு வெளியேறினீர்கள் என்பவற்றை நினைவு இருக்கும்போதே எழுதிவையுங்கள். பழைய கூப்பன் அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைக் கடிதம் எதிலாவது அந்த முகவரி இருந்தால் அதுவும் சான்றாக உதவும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் காணி எவ்வாறு பதியப்பட்டுள்ளது என்று பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேட்கலாம். கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் வானில் எல்லோரும் களைத்துத் தூங்கிவிட்டனர். முல்லைத்தீவு அக்கா மட்டும் யன்னலோரம் விழித்திருந்தார். பேக்கர் நீர்வீழ்ச்சியடியில் வெள்ளைக் கல்லொன்றை எடுத்து மடியில் வைத்தவர், அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்று நான் சொன்னதும் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தவர்.

"என்ரை வளவிலையும் ஒரு கல்லுக் கிடக்குது பிள்ளை" என்று மெல்லச் சொன்னார். "கிணத்தடியிலை. மாமா கொண்டுவந்து போட்டவர், உடுப்புத் தோய்க்க. நாலு பேர் சேந்தாலும் அசைக்கேலாது. போன முறை போய்ப் பாத்தனான். வீடு இல்லை, வேலி இல்லை. ஒரே பத்தை. இது காடு எண்டு சொல்லுகினம். பத்தைக்குள்ளை இறங்கிப் பாத்தா, கல்லு அப்பிடியே கிடக்குது."

"வேறென்ன இருந்தது அக்கா?" என்று கேட்டேன்.

வாசலில் ஒரு பாலை. கிழக்கு எல்லையில் மூன்று தென்னை. பின்னால் முருங்கை. மேற்கே வாய்க்கால். அவர் சொல்லச் சொல்ல, கைப்பையிலிருந்த சிட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். அவிசாவளை தாண்டும்போது தாள் நிறைந்துவிட்டது. அடுத்த வாரம் மகளின் உதவியுடன் அதை ஒழுங்காக எழுதி, கல் கிடக்கும் இடத்தையும் வரைபடத்தில் குறித்து, பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. பதிவுத் தபால் பற்றுச்சீட்டை அவர் சுவாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார்.

உங்கள் வளவில் என்ன இருந்தது? எழுதிவையுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.